மார்கழிப் பூவுக்கு ஆடியிலேயே வேலை: தருமபுரி, கிருஷ்ணகிரி வீட்டுத் தோட்டங்களுக்கான முழு வழிகாட்டி

டிசம்பர் முதல் வாரத்தில் சாலையோர நர்சரியில் மொட்டும் பூவுமாக ஒரு சாமந்தித் தொட்டி வாங்கி வருகிறோம். பொங்கலுக்குள் அது காய்ந்துவிடுகிறது. அடுத்த டிசம்பரில் இன்னொன்று. இதில் செடியின் தப்பு ஒன்றுமில்லை. பனிக்காலத்தில் பூக்கும் செடிகளுக்குப் பூக்கும் மாதத்தில் நாம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பதியன் போடுவது, நுனி கிள்ளுவது, தூர் அகலப்படுத்துவது எல்லாம் ஆனி, ஆடி, ஆவணியிலேயே முடிந்திருக்க வேண்டும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது வயலுக்கு மட்டும் சொன்ன சொல் அல்ல.

இரண்டு மாவட்டங்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்து மேட்டுநிலம். மார்கழி இரவுகள் சில நாள் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 500 மீட்டரை ஒட்டியவை, அரூர்ப் பக்கம் இன்னும் தாழ்வு. பேன்சி, ஸ்நாப்டிராகன் போன்ற குளிர் விரும்பும் பூக்களை ஓசூர்க்காரர்கள் ஆசைப்படலாம். அரூரில் அவை பிப்ரவரி வெயிலைக் கண்டதும் சுருண்டுவிடும். இரண்டு பக்கமும் நம்பி வளர்க்கக்கூடியவை சாமந்தி, டிசம்பர் பூ, செண்டுமல்லி, பனிக்காலத்தில் உச்சி இலைகள் சிவக்கும் பாயின்செட்டியா. இங்கே முதலிரண்டுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

செடிக்கு மாதம் எப்படித் தெரிகிறது

சாமந்தியும் பாயின்செட்டியாவும் இரவின் நீளத்தைக் கணக்கு வைத்துப் பூப்பவை. தருமபுரி ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஜூன் 21 வாக்கில் பகல் 12 மணி 50 நிமிடத்தை ஒட்டியும், டிசம்பர் 21 வாக்கில் 11 மணி 25 நிமிடத்தை ஒட்டியும் இருக்கும். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் செடிக்கு அது போதும்.

இதனால் இரண்டு விஷயங்கள் நேர்கின்றன. முதலாவது, நம் ஊரில் பகல் எப்போதுமே மிக நீளமாவதில்லை. ஆகவே சாமந்தி சாண் உயரம் வந்ததுமே மொட்டு வைக்கப் பார்க்கும். நாமாக நுனியைக் கிள்ளிக் கிள்ளித் தடுத்தால்தான் தூர் பெருக்கும். இரண்டாவது, இரவில் விளக்கு வெளிச்சம் விழுந்தால் செடியின் கணக்கு குழம்பும். பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் நடு இரவில் பல்பு எரியவிட்டுச் சாமந்தி மொட்டு வைப்பதைத் தள்ளிப்போடுவது இந்த வித்தையால்தான். அதே காரியத்தை உங்கள் வாசல் தெருவிளக்கு உங்களைக் கேட்காமலே செய்துகொண்டிருக்கலாம். 'நன்றாகத் தழைக்கிறது, பூ மட்டும் இல்லை' என்று யாராவது சொன்னால், உரத்தைப் பற்றிக் கேட்கும் முன் விளக்கு எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

மண்ணும் தண்ணீரும்

நம் செம்மண் வடிகாலுக்கு நல்லது, ஆனால் தொட்டிக்குள் தனியாகப் போட்டால் நாலு தண்ணீரில் இறுகி ஓடாகிவிடும். 2 பங்கு செம்மண், 1 பங்கு மணல், 1 பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், அரைப் பங்கு தென்னை நார்க்கழிவு என்று கலந்துகொள்ளுங்கள். 10 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி, சுமார் 50 கிராம், வேப்பம் புண்ணாக்கைப் பொடித்துச் சேர்க்கலாம். ஆற்று மணல் கிடைக்காமல் எம் சாண்டு போடுவதானால், கலங்கல் போகும்வரை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே போடுங்கள். அதிலுள்ள கல் மாவு தொட்டியின் அடித்துளையைச் சிமென்ட் மாதிரி அடைக்கும். தென்னை நார்க்கட்டியையும் அப்படித்தான்: ஊறவைத்து, மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்தால்தான் உப்பு இறங்கும். சாணம் சூடாக இருந்தால், அதாவது கையை விட்டால் வெதுவெதுப்பு தெரிந்தால், அது இன்னும் மக்கவில்லை.

தண்ணீர்தான் இங்கே பெரிய தலைவலி. பெரும்பாலான போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு, புதுத் துளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சை என்றிருந்தால் மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. காரத்தன்மை ஏறியதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) அரை மூடி எலுமிச்சைச் சாறும் கலந்து, மாலையில் இலை மேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி ஒரு முறை. கலவை துருநிறமாக மாறிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இப்படிப்பட்ட தண்ணீர் ஊற்றும் வீட்டில் அடுப்புச் சாம்பலைப் பூச்செடிக்குப் போடவே கூடாது, அது காரத்தை இன்னும் ஏற்றும்.

இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். மனிதர் பல்லுக்கும் எலும்புக்கும் மட்டும் இது கெடுதல் என்று நினைத்துவிடாதீர்கள். கிளாடியோலஸ், லில்லி வகைகளின் இலை நுனியை அது கருக்கிவிடும். நுனியிலிருந்து உள்நோக்கிப் பழுப்பாகக் காய்ந்துகொண்டே வந்தால் பூஞ்சைக்கொல்லி அடித்துப் பயனில்லை. அந்தச் செடிகளுக்கு மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றுங்கள். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் ஃப்ளூரைடு உண்டு என்பதால் அதையும் தவிருங்கள். மழைநீர்த் தொட்டி இல்லாதவர்கள் கிளாடியோலஸை விட்டுவிட்டுச் சாமந்தியோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

சாமந்தி

சாமந்தியைப் பெருக்க இரண்டு வழி. பூ முடிந்த செடியின் தூரைச் சுற்றி மண்ணிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடுவது ஒன்று. நுனித் தண்டை வெட்டி வேர்விடச் செய்வது இன்னொன்று. வயல்காரர்கள் பலர் பக்கக் கன்றைத்தான் நம்புவார்கள், செலவில்லை. ஆனால் தாய்ச்செடியின் வேரில் அழுகலோ நூற்புழுவோ இருந்தால் அது கன்றோடு கூடவே வந்துவிடும். வீட்டுக்கு நுனித்தண்டுதான் மேல்: சுத்தமானது, எல்லாச் செடியும் ஒரே அளவாக வரும்.

ஜூன் கடைசியில், காலை ஏழு மணிக்குள், செடியில் ஈரம் ஏறியிருக்கும்போது வெட்டுங்கள். நுனியிலிருந்து 5 முதல் 7 சென்டிமீட்டர். வளைத்தால் 'டக்' என்று ஒடியும் பதம் சரி. வளைந்து நிற்பது மிக இளசு. நார் உரிந்து தொங்குவது முற்றல், அது வேர்விட வாரக்கணக்காகும். நுனியில் கடுகளவு மொட்டு இருந்தாலும் அந்தத் தண்டை எடுக்காதீர்கள். வேர் பிடித்தாலும் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பூவைப் பூத்துவிட்டு நின்றுபோகும். வெட்டியதை ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வையுங்கள்.

கீழ் இலைகள் இரண்டு மூன்றைக் கிள்ளி எடுத்துவிட்டு, கணுவுக்கு நேர் கீழே பிளேடால் சுத்தமாக வெட்டுங்கள். வேர் ஊக்கிப் பொடி இருந்தால் வெட்டுவாயில் லேசாகத் தொட்டு உதறுங்கள். இல்லாவிட்டாலும் சாமந்தி வேர்விடும், என்ன, சில நாள் கூடும். அதற்குமுன் லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் நுண்ணுயிர்ப் பொடி) கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் முக்குவது அழுகலைத் தடுக்கும். அலசிய மணலும் நார்க்கழிவும் சரிபாதி கலந்த குழித்தட்டில், குச்சியால் முதலில் துளையிட்டு, இரண்டு சென்டிமீட்டர் ஆழம் ஊன்றி விரலால் அமுக்குங்கள். துளையிடாமல் குத்தினால் பொடி துடைத்துப் போகும், வெட்டுவாயும் நசுங்கும். இந்தக் கட்டத்தில் எருவோ உரமோ ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

தட்டை 50 சதவீத நிழல்வலைக்கு அடியிலோ கிழக்குப் பார்த்த திண்ணையிலோ வைத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை புகைபோலத் தண்ணீர் தெளியுங்கள். நனைய வேண்டியது இலை. தட்டு சொதசொதக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் லேசாக இழுத்தால் பிடித்து நிற்கும். அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தால் ஈரம் அதிகம். சாய்ந்ததைப் பக்கத்து மணலோடு சேர்த்து எடுத்து எறியுங்கள், பிழைக்கவைக்கப் பார்த்தால் தட்டு முழுக்கப் பரவும்.

ஜூலை நடுவில் நடவு. தரையில் ஒரு அடிக்கு ஒரு செடி, தொட்டியானால் 10 அங்குலத்துக்கு ஒன்று. தரையில் நடும்போது அரை அடி உயரம் மேட்டுப் பாத்தி கட்டாயம். செப்டம்பர், அக்டோபர் மழையில் ஒரே இரவு தண்ணீர் கட்டி நின்றாலும் சாமந்தி வேர் மூச்சடைத்து, இரண்டாம் நாள் இலை வாடும். வாட்டத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் போதவில்லை என்று மறுபடி ஊற்றிக் கொல்பவர்கள் அதிகம். முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகல். ஓரளவு வாடிய செடிகளுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்துத் தூரில் ஊற்றலாம். முழுவதும் வாடியதைப் பிடுங்கிவிடுங்கள்.

இனி கிள்ளல். ஒரு வருடத்துப் பூவின் எண்ணிக்கை இங்கேதான் முடிவாகிறது. நட்ட நான்காவது வாரம், செடி சாண் உயரம் இருக்கும்போது, நுனித்துளிரை நகத்தால் ஒரு அங்குலம் கிள்ளுங்கள். கீழிருந்து மூன்று நான்கு கிளை வரும். இன்னும் மூன்று நான்கு வாரம் கழித்து அந்தக் கிளைகளின் நுனியையும் கிள்ளுங்கள். அதோடு நிறுத்த வேண்டும். கடைசிக் கிள்ளலிலிருந்து முதல் பூவுக்கு ரகத்தைப் பொறுத்து 9 முதல் 12 வாரம் ஆகும். ஜூலை நடுவில் நட்டு, செப்டம்பர் பத்து வாக்கில் கடைசியாகக் கிள்ளினால் கார்த்திகைத் தீபத்தை ஒட்டிப் பூ வரத் தொடங்கும். பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் பாதிச் செடிகளை ஆகஸ்ட் நடுவில் நட்டு, அக்டோபர் பத்தோடு கிள்ளலை முடியுங்கள். நவம்பரில் 'இன்னும் கொஞ்சம் தூர் கட்டட்டும்' என்று கிள்ளுபவர்கள் மொட்டைத்தான் கிள்ளுகிறார்கள்.

கிள்ளிய நுனியை எறியாதீர்கள். ஆகஸ்டில் கிள்ளியது மொட்டில்லாத நல்ல பதத்தில் இருந்தால் அதுவே அடுத்த தட்டு நாற்று.

உரம்: 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, 15 நாளைக்கு ஒரு முறை தொட்டிக்கு அரை லிட்டர். இது கடைசிக் கிள்ளல் வரைக்கும்தான். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டார் பேசுவார்கள், மூடி போட்ட டப்பாவில் ஊறவையுங்கள். மொட்டு தெரிந்த பிறகும் தழைச்சத்தைக் கொட்டினால் தண்டு கொழுத்து, பூ காம்பு தளர்ந்து தலை தொங்கும். அப்போது சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 2 கிராம் வீதம் பத்து நாளைக்கொரு முறை தெளித்தால் நிறம் ஏறும். மாலை கட்டும் சிறு பூ ரகத்தில் மொட்டுகளைத் தொடாதீர்கள். கைப்பிடி அளவுப் பெரிய பூ வேண்டுமானால் கிளைக்கு நடுமொட்டு ஒன்றை விட்டு மற்றதைப் பட்டாணி அளவில் உருட்டி எடுத்துவிடுங்கள்.

பூச்சிகளில் முதலில் வருவது அசுவினி. இளந்தண்டில் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்கும், எறும்பு ஏறினால் சந்தேகப்படுங்கள். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி விழும். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய நாலு சொட்டு சோப்புத் திரவம். பூ விரிந்த பிறகு வேப்பெண்ணெய் அடித்தால் இதழ் கறைபடும். இலையில் கரும்பழுப்புப் புள்ளி கீழிருந்து மேலே ஏறினால் அது மழைக்கால இலைப்புள்ளி நோய். மண் தெறித்துத்தான் ஆரம்பிக்கும். அடி இலைகளை எடுத்துவிட்டு, தூரைச் சுற்றி வைக்கோல் பரப்பி, தேவைப்பட்டால் மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளியுங்கள். மாலையில் இலை நனைய ஊற்றும் பழக்கத்தை விட்டாலே இது பாதியாகக் குறையும்.

டிசம்பர் பூ

வாசமில்லை, ஆனால் ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதாவில் வெள்ளைக் கோடு என்று நிறத்துக்குக் குறைவில்லை. நவம்பர் கடைசியிலிருந்து தை வரை தலைக்கு வைக்கவும் சாமிக்குச் சாத்தவும் தினம் பறிக்கலாம். நம் செம்மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பனிக்காலச் செடி இல்லை. கடினத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். இவ்வளவு இருந்தும் நர்சரியில் இதைக் கேட்டால் ஏளனமாகத்தான் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டில் ஒரு குச்சி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

குச்சியில் பெருக்க ஜூன், ஜூலை ஏற்ற காலம். பச்சையும் பழுப்புமாக அரைமுற்றலாக இருக்கும் கிளையில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, மூன்று நான்கு கணு வருமாறு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். கணுவிலிருந்துதான் வேர் வரும், ஆகவே கணு புதைவது முக்கியம். வேர் ஊக்கி தேவையில்லை. மூன்று நான்கு வாரத்தில் துளிர்க்கும். துளிர் கண்டதும் பிடுங்கி நடாதீர்கள். குச்சியில் இருக்கும் சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும், வேர் பின்னால்தான். இரண்டாம் ஜோடி இலை விரிந்தபின் நடலாம்.

விதையிலும் வரும். காய் பழுப்பேறிக் காய்ந்ததும் வெடித்து விதையைத் தூர எறியும். ஜனவரி, பிப்ரவரியில் பழுத்த காய்க்கதிரை மெல்லிய துணிப்பையில் மூடிக் கட்டினால் உள்ளேயே விழும். ஆனால் பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் விதைச்செடி தாயைப் போலவே பூக்கும் என்று சொல்ல முடியாது. கோடு போட்ட ரகத்தைக் குச்சியில் மட்டுமே எடுங்கள்.

வேலியாக வைப்பதானால் ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளி. ஆகஸ்ட் கடைசி வரை இரண்டு முறை நுனி கிள்ளுங்கள், பிறகு கத்தரியைத் தொடாதீர்கள். பூக்காமல் தழைத்து நிற்பதற்கு மரநிழலோ, பக்கத்திலிருக்கும் வாழைக்கோ முருங்கைக்கோ வைத்த தழைச்சத்து உரமோ காரணமாக இருக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் வெயில் வேண்டும்.

செண்டுமல்லி

இதற்கு இரவு நீளக் கணக்கெல்லாம் பெரிதாக இல்லை, நாள் கணக்குதான். விதைத்து 25 முதல் 30 நாளில் நாற்று, நட்ட 60 நாளில் பூ. அக்டோபர் முதல் வாரம் விதைத்தால் பொங்கல் தோரணத்துக்குச் சரியாக வரும். ஒன்றரை அடி இடைவெளி, நட்ட 30-ஆம் நாள் ஒரு கிள்ளல். வீரிய ரகப் பூவிலிருந்து எடுத்த விதை தாய்ப்பூவைப் போல வராது, பாதி ஒற்றை அடுக்காகப் போகும். அதற்குப் பதில் கிள்ளிய நுனிகளை ஈர மணலில் ஊன்றினால் பத்து நாளில் வேர்விட்டு அப்படியே தாயைப் போலப் பூக்கும்.

பாயின்செட்டியா

சிவப்பாகத் தெரிவது பூ அல்ல, பூவடி இலைகள். அக்டோபரிலிருந்து இரவு நீளும்போது தானாகவே நிறம் மாறத் தொடங்கும். தெருவிளக்கோ வராந்தா விளக்கோ படும் இடத்தில் பச்சையாகவே நின்றுவிடும். இடம் மாற்ற முடியாவிட்டால் அக்டோபர் முதல் எட்டு பத்து வாரம், மாலை ஆறு முதல் காலை ஏழு வரை அட்டைப்பெட்டியால் கவிழ்த்து மூடுங்கள். ஒரு இரவு மறந்தால் பெரிய பாதகமில்லை, வாரத்தில் நாலு இரவு மறப்பதானால் மூடவே வேண்டாம்.

பெருக்குவது பிப்ரவரி, மார்ச் கவாத்தில் கிடைக்கும் பென்சில் தடிமன் குச்சிகளில். வெட்டியதும் பால் வடியும். கண்ணில் பட்டால் எரியும், கையுறை போடுங்கள். ஒரு சாண் துண்டுகளாக்கி, வெட்டுவாயைத் தண்ணீரில் முக்கிப் பால் நின்றபின், ஒரு நாள் நிழலில் உலர்த்தி ஊன்றுங்கள். பால் உறையாமல் ஊன்றிய குச்சி பெரும்பாலும் அடியில் அழுகும்.

கடையில் பூவோடு வாங்கிய தொட்டி

வாங்கிய அந்தச் சாமந்தியும் வீண் அல்ல. பெரும்பாலும் அது பசுமைக்குடிலில், நார்க்கழிவில், வளர்ச்சியைக் குறுக்கும் மருந்து தெளித்துக் குட்டையாக வைக்கப்பட்டது. வீட்டு வெயிலில் நார்க்கழிவு ஒரே நாளில் காய்ந்து சுருங்கும். பிறகு ஊற்றும் தண்ணீர் ஓரமாக இறங்கி ஓடும், வேருக்குப் போகாது. தொட்டியோடு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி எடுப்பதே வழி. பூ இருக்கும்போது மண் மாற்றாதீர்கள். அடுத்த வருடம் அதே செடி இரண்டு மடங்கு உயரம் வந்தால் திகைக்க வேண்டாம், மருந்து தீர்ந்து தன் உண்மையான உயரத்தைக் காட்டுகிறது. இரண்டு கிள்ளலில் அடங்கும்.

பூ முடிந்த பிறகு

ஜனவரி கடைசி, பிப்ரவரியில் சாமந்தியைத் தரையிலிருந்து அரைச் சாண் விட்டு வெட்டுங்கள். டிசம்பர் பூவை ஓரடி உயரத்தில். சாமந்தியில் நன்றாகப் பூத்த, நோய் காணாத நாலைந்து செடிகளை மட்டும் தாய்ச்செடியாகத் தேர்ந்து, பூக்கும்போதே கயிறு கட்டி அடையாளம் வைத்திருக்க வேண்டும். வெட்டிய பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அவற்றைப் புதுமண்ணில் மாற்றி, சித்திரை வைகாசி வெயிலில் நிழல்வலைக்கு அடியில் வைத்து, மேல்மண் காய்ந்தால் மட்டும் காலையில் தண்ணீர். இடையில் மொட்டு வைத்தால் உடனே கிள்ளுங்கள். இலையடியில் செந்நிறத் தூள்போலச் சிலந்திப்பேன் வந்தால், இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகே. சுட்டெரிக்கும் நாளில் அடித்தால் இலை கருகும். மே கடைசியில் ஒரு முறை நுனியை வெட்டி, புண்ணாக்குக் கரைசல் கொடுத்துவிட்டால், ஜூன் முடிவதற்குள் ஒவ்வொரு தாய்ச்செடியிலும் பத்துப் பதினைந்து நுனித்தண்டு வெட்டுக்குத் தயாராக நிற்கும்.